வெள்ளை கலக்காத கருப்பு

கொஞ்சம் நில்லுங்க தம்பி. டப்பாவைத் திறக்காதீங்க. திறந்ததை மூடுங்க. கடிக்காது, கடிக்கும்னு நான் சொல்லவே இல்லையே. தயிர்சாதம்தானே அது? எனக்கே வாசனை வருதுன்னா அதுக்கு வராதா? பாருங்க, எப்படி மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்குதுன்னு. எஞ்சின், உக்காரு. உக்காருடா.

நீங்களும் இந்த பெஞ்சுல உக்காருங்க. உங்க கம்பெனி பஸ் ஏழே முக்காலுக்குத்தான் வரும், எனக்குத் தெரியும், தினம் பார்க்கிறேன்ல. இன்னும் நேரம் இருக்கு. ஒருத்தரைப் பார்த்து வேணாம்னு சொல்லிட்டு அப்படியே போயிடக் கூடாது, ஏன் வேணாம்னும் சொல்லணும். அது நான் சின்ன வயசுலேர்ந்து பழகின பழக்கம். கேளுங்க.

என் பேரு அறிவுக்கரசு. எங்கப்பா வச்ச பேரு. அவரும் பொன்மலை ஒர்க்‌ஷாப்தான், அவரும் கருப்புச் சட்டைதான். நான் முப்பத்தெட்டு வருஷம் உள்ள ஃபிட்டரா இருந்து ரிட்டயர்ட் ஆனேன். இவன் எஞ்சின். கரி எஞ்சின் கலர்ல இருக்கான்னு நான்தான் பேரு வச்சேன். பின்னாடி படுத்திருக்கே செவலை, அது பெட்டி. எஞ்சின் எங்க போனாலும் பின்னாடியே போகும், தானா ஒரு முடிவு எடுக்காது. ரெண்டும் தெருவுல கிடந்ததுதான். ராஜபாளையமா, என்ன சாதின்னு கேக்காதீங்க. நாய்க்கும் சாதி கேக்குற ஊரு இது.

நாயைக் கூட்டிக்கிட்டு நடந்து பாருங்க தம்பி, மனுஷனோட லட்சணம் அப்பதான் தெரியும். ஒருத்தர் வருவார், தலையில கை வச்சுத் தடவிட்டு அதுக்கப்புறம் கடிக்குமான்னு கேப்பார். இன்னொருத்தர் ஆறடி தள்ளியே நின்னுக்கிட்டு ச்சூ ச்சூன்னு கல்லை எடுக்கிற மாதிரி குனிவார், அது குலைச்சா என்னைத் திட்டுவார். ஒரு அம்மா இடுப்புல புள்ளையை வச்சுக்கிட்டு, இட்லியைத் தின்னலைன்னா இந்த நாய்கிட்ட குடுத்துருவேன்னு சொல்லும். ஏம்மா, இது உங்க இட்லிக்குப் போலீஸ்காரனான்னு நான் கேட்டிருக்கேன். பிஸ்கட்டைத் தூக்கிப் போடுறவங்க, கூட நின்னு செல்ஃபி எடுக்கிறவங்க, இதெல்லாம் தினப்படி. இதுக்கெல்லாம் நான் பழகிட்டேன்.

பழகாதது ஒண்ணுதான். இவன் கருப்பு. வெறும் கருப்பு இல்ல, வெள்ளை கலக்காத கருப்பு. இந்த ஊர்ல வெள்ளை கலக்காத கருப்பு நாய் வச்சிருக்கிறவன் கோயில் கட்டி வச்சிருக்கிறவன் மாதிரி. சனிக்கிழமை ஒரு கூட்டம், தேய்பிறை அஷ்டமிக்கு ஒரு கூட்டம். வைரவர் வாகனமாம். ஜோசியக்காரன் சொல்லி அனுப்பிருவான். இவங்க எண்ணெய் வடியுற வடை, வெல்லம், நெய்ச்சோறு எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு ஓடி வருவாங்க. யாரு நாய், அதுக்கு ஒத்துக்குமா, எதுவும் கேக்கிறதில்ல. ஒரு நாள் ஒருத்தர் காரை நிறுத்தினார், செருப்பைக் கழட்டினார், இவன் முன்னாடி விழுந்து கும்பிட்டார். நான் கருப்புச் சட்டையைப் போட்டுக்கிட்டு கயித்தைப் பிடிச்சு நிக்கிறேன். எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. இவன் அன்னைக்கு ராத்திரி பூரா வாந்தி எடுத்தான். பெட்டியை மட்டும் ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்கிறதில்ல. அதுவும் நாய்தானே, அதுக்கும் பசிக்கும்தானே.

அதனால ஒரே விதி வச்சேன். யாரும் தொடக் கூடாது, யாரும் எதுவும் போடக் கூடாது. கேட்டவங்களுக்கு அங்கேயே நிக்க வச்சுப் பத்து நிமிஷம் விளக்கம். பாதிப் பேர் ரெண்டாவது நிமிஷத்துல நழுவிருவாங்க. வளர்மதி, அதான் என் வீட்டுக்காரம்மா, நீங்க நாயைக் கூட்டிக்கிட்டுப் போறதே ஆளுங்களைப் பிடிச்சுப் பேசத்தானேன்னு கேப்பா. அப்படியெல்லாம் இல்ல.

போன வருஷம் சித்திரையில ஒரு அம்மா வந்தாங்க. இதே இடம்தான், இந்த கிரவுண்டு ஓரம். ஐம்பது வயசு இருக்கும். சத்துணவுக் கூடத்துல சமைக்கிற அம்மா, பேரு தைலம்மாள். பேரெல்லாம் பின்னாடி தெரிஞ்சதுதான். வந்தவங்க கிட்ட வரல. அந்த வேப்பமரம் இருக்குல்ல, அங்கேயே நின்னாங்க. நான் ஒரு சுத்து முடிச்சு வந்தேன், அப்பவும் நின்னாங்க. ரெண்டாவது சுத்துல நானே என்னம்மான்னு கேட்டேன். அய்யா, உங்க நாய்க்கு எதைத் தின்னா ஒத்துக்கும்னு சொன்னீங்கன்னா அதையே ஆக்கிக் கொண்டாறேன்னாங்க.

தம்பி, இவனை வச்சிருக்கிற ஏழு வருஷத்துல அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவங்கதான். யாருக்காகம்மா இதெல்லாம்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டுட்டேன்.

அவங்க மக கோகிலா. கல்யாணமாகி ஆறு வருஷம். ரெண்டு தடவை உண்டாகி ரெண்டும் தங்கல. இப்ப மறுபடி நாள் தள்ளிப் போயிருக்கு. மாப்பிள்ளை வீட்டுல, இதுவும் போச்சுன்னா பொண்ணைக் கொண்டாந்து விட்டுருவோம்னு சொல்லியாச்சு. ஜோசியர் சொன்னாராம், எட்டு தேய்பிறை அஷ்டமிக்கு வெள்ளை கலக்காத கருப்பு நாய்க்குச் சோறு வைக்கணும், எட்டு தடவையும் ஒரே நாயா இருக்கணும், நடுவுல மாத்தக் கூடாதுன்னு. இதைச் சொல்லிட்டு அந்தம்மா தரையில குந்தி உக்காந்து இவன் வயித்தைப் பார்த்தாங்க, காதுக்குப் பின்னாடி மயிரை விலக்கிப் பார்த்தாங்க. இவனும் காட்டினான். சாதாரணமா காட்ட மாட்டான்.

நான் சொன்னேன், இங்க பாரும்மா, உன் மக வயித்துல இருக்கிறதுக்கும் இந்த நாய் வயித்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ஸ்கேன் எடு, இரும்பு மாத்திரை குடு, மாப்பிள்ளை வீட்டுக்காரனை நாலு கேள்வி கேளுன்னு. எல்லாம் செய்யிறோங்கய்யா, இதையும் செஞ்சுக்கிறேனேன்னாங்க. சரி, உப்புப் போடாத சோறு, புளிக்காத தயிர், ஒரு கை அளவுதான், நெய் வெல்லம் எதுவும் ஆகாதுன்னு சொல்லிட்டேன். இது உங்க வைரவருக்குப் படையல் இல்ல, என் நாய்க்குக் காலைச் சாப்பாடுன்னும் சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. நான் விதியை மீறினதா நீங்க நினைக்கக் கூடாது. கேட்டு வந்தவங்களுக்கு மரியாதை குடுத்தேன், அவ்வளவுதான்.

மாசம் ஒரு தடவை வந்தாங்க. நான் சொன்ன அளவு, நான் சொன்ன பக்குவம். இவன் அஞ்சு நிமிஷத்துல தின்னுருவான். அந்த அஞ்சு நிமிஷம் நான் பேசுவேன். கிரகணம் எப்படி வருதுன்னு ஒரு மாசம் சொன்னேன். ஜோசியக்காரன் எப்படி ஆளைப் பார்த்துப் பேசுவான்னு ஒரு மாசம். குழந்தை ஏன் தங்காம போகுது, அதுக்கு டாக்டருங்க என்ன காரணம் சொல்றாங்கன்னு புஸ்தகம் படிச்சுட்டு வந்து ஒரு மாசம். அவங்க அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பாம கேப்பாங்க. என் பசங்க ரெண்டு பேரும் இருக்காங்களே, போன்ல சரிப்பா சரிப்பான்னு சொல்லியே வச்சிருவாங்க. இந்தம்மா அப்படி இல்ல. திரும்ப ஒரு கேள்வி கேப்பாங்க. இந்தம்மா மாறிக்கிட்டு வருது, எட்டாவது மாசத்துக்குள்ள வேணாம்னு அதுவே விட்டுரும்னு நான் வளர்மதிகிட்ட சொன்னேன். வளர்மதி சிரிச்சா. அவ எதுக்குச் சிரிச்சாங்கிறது எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

அஞ்சாவது மாசம் குழந்தை உதைக்குதுன்னு சொன்னாங்க. ரெண்டு தடவையும் அதுக்கு முன்னாடியே போயிடுச்சு, இப்பதான் முதல் தடவையா உதைக்குதுன்னாங்க. ஏழாவது மாசம் வளைகாப்புல போட்ட வளையலைப் பத்தி எல்லாம் சொல்லி, டாக்டரம்மா எடை நல்லா இருக்குன்னு சொன்னதையும் சொன்னாங்க. எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. இல்லைன்னு சொல்லுவேனா.

எட்டாவது, கார்த்திகை மாசம். அன்னைக்கு எங்க ஓய்வு பெற்ற தோழர்கள் சங்கத்துல கொடியேத்தம். காலையில ஆறரைக்கே முடிஞ்சுது. அதனால நான் இஸ்திரி போட்ட கருப்புச் சட்டையில இருந்தேன். வில்லாளன்னு ஒருத்தர், எனக்கு முப்பது வருஷப் பழக்கம், வாய்த் துடுக்கு. அவரும் இன்னும் நாலஞ்சு பேரும் என்கூடவே பேசிக்கிட்டு கிரவுண்டு பக்கம் நடந்து வந்தாங்க. எனக்கு அன்னைக்கு அஷ்டமிங்கிறதே ஞாபகத்துல இல்ல. காலண்டர்ல பார்த்திருந்தேன், ஆனா ஞாபகத்துல இல்ல.

அந்தம்மா மரத்தடியில நின்னாங்க. பட்டுச் சேலை கட்டியிருந்தாங்க. கடைசித் தடவைங்கிறதால கட்டியிருக்காங்க போல. நான் தோழர்கள் பக்கம் திரும்பிப் பேசிக்கிட்டு நின்னேன். அந்த நேரத்துல அவங்க கிட்ட வந்து, இவன் நெத்தியில குங்குமத்தை வச்சு, செவ்வரளிச் சரத்தைக் கழுத்துல போட்டுட்டாங்க. ஏழு மாசமும் செய்யாததை அன்னைக்குச் செஞ்சாங்க. வில்லாளன் பார்த்துட்டார். என்ன அரசு, இடுப்புல கட்ட ஒரு மஞ்சத் துண்டு குடுக்கட்டுமா, பூசாரி வேலை எப்பலேர்ந்துன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தர் போனை எடுத்துப் படம் பிடிக்கிறார். நெத்தியில பொட்டு, கழுத்துல மாலை, கயிறு என் கையில.

எனக்கு எங்கேர்ந்துதான் அப்படி ஒரு கோபம் வந்துச்சோ. தோள்ல கிடந்த துண்டை எடுத்துப் பொட்டை அழிச்சேன். மாலையை அறுத்துப் போட்டேன். அந்தம்மா டப்பாவை நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க, அதைப் புறங்கையால தள்ளினேன். சோறு கீழ கொட்டிருச்சு. பெட்டி இருக்கே, எஞ்சினுக்குப் பின்னாடியே நிக்கும்னு சொன்னேன்ல, அது வாழ்நாள்ல முதல் தடவையா முந்திக்கிட்டு வந்து மொத்தத்தையும் நக்கித் தின்னுருச்சு. நான் அப்ப ஒண்ணு சொன்னேன். அந்தா நாய் சாப்பிட்டாச்சு, உன் வேண்டுதல் முடிஞ்சுது, போயிட்டு வாம்மான்னேன். வில்லாளன் கை தட்டினார்.

அந்தம்மா பெட்டியைப் பார்த்தாங்க. "இது செவலைங்கய்யா"ன்னாங்க. அவ்வளவு மெதுவா சொன்னாங்க.

அப்புறம், வீடு பக்கத்துலதான், அரை மணியில வேற சோறு வடிச்சுக் கொண்டாந்துர்றேன், அஷ்டமி பத்து மணி வரைக்கும் இருக்கு, அய்யா இங்கேயே இருப்பீங்களான்னு கேட்டாங்க. நான் போம்மா, கொண்டா, இருக்கேன்னு சொன்னேன். தோழர்கள் முன்னாடி அவங்க கெஞ்சிக்கிட்டு நிக்கிறது எனக்குத் தாங்கல. முதல்ல அந்த இடத்தை விட்டுப் போனாப் போதும்னு இருந்துச்சு. அவங்க பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடினாங்க. நான் வீட்டுக்குப் போயிட்டேன்.

அதுக்கப்புறம் அவங்க வரல. அப்படித்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

வந்தாங்க தம்பி. வீட்டுக்கே வந்தாங்க. கருப்பு நாய் வச்சிருக்கிற ரயில்வேக்காரர் வீடு எதுன்னு தெருத் தெருவா கேட்டுக்கிட்டே வந்திருக்காங்க. மணி ஒம்போதரை. நான் கொல்லைப் பக்கம் துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். கேட்டுல சத்தம் கேட்டுச்சு, குரல் தெரிஞ்சுது. வளர்மதியைக் கூப்பிட்டு, நான் எஞ்சினை டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போயிருக்கேன்னு சொல்லுன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்காதீங்க. ஒரு தடவை உறுதியா நின்னாச்சு, திரும்ப இறங்கி வந்தா அப்புறம் என் பேச்சுக்கு என்ன அர்த்தம்னு நினைச்சேன். அது கொள்கை. அன்னைக்கு அப்படித்தான் பட்டுச்சு.

வளர்மதி போய்ச் சொன்னா. சொல்லிக்கிட்டு இருக்கும்போதே கொல்லையிலேர்ந்து இவன் குலைச்சான். அந்தம்மா வாசனை தெரிஞ்சிருக்கும். விடாம குலைச்சான். நான் வாயைப் பொத்தினேன், அப்பவும் உறுமினான்.

அந்தம்மா கேட்டை ஒட்டின சுவர் மேல டப்பாவை வச்சுட்டு, பத்து மணிக்குள்ள அய்யா வந்துட்டா ஒரு வாய் வச்சிருங்கம்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாங்களாம். வளர்மதி டப்பாவைக் கொண்டாந்து என் முன்னாடி வச்சா. வைக்கிறீங்களா இல்லையான்னா. நான் பேப்பர் படிச்சேன். பத்தே கால் ஆனதும் அவ அந்தச் சோத்தைத் தானே தின்னா. உப்பில்லாத சோறு. ஒரு பருக்கை விடாம தின்னுட்டு டப்பாவைக் கழுவிக் கவுத்தி வச்சா. அதுக்கப்புறம் பத்து நாள் என்கிட்ட பேசல.

அடுத்த தேய்பிறை அஷ்டமிக்கு அவங்க வர வேண்டிய அவசியமே இல்ல, எட்டு முடிஞ்சுது. ஆனாலும் நான் மூணு சுத்து கூட நடந்தேன். இவனுக்கு நடை போதலைன்னுதான். அதுக்கடுத்த மாசமும் நடந்தேன். தைப் பொங்கல் போய் ஒரு வாரம் இருக்கும், வளர்மதி அந்த டப்பாவை ஒரு மஞ்சப்பையில போட்டு என் கையில குடுத்தா. அடுத்தவங்க வீட்டுப் பாத்திரம், கொண்டு போய்க் குடுத்துட்டு வாங்கன்னா. நான் தட்டல. சத்துணவுக் கூடத்துல விசாரிச்சு, அம்பிகாபுரத்துல வீட்டைக் கண்டுபிடிச்சேன்.

போற வழியெல்லாம் மனசுக்குள்ள பேசிக்கிட்டே போனேன் தம்பி. குழந்தை பிறந்திருக்கும், தொட்டில்ல கிடக்கும், பாரும்மா, எட்டாவது தடவை வைக்காமலே நல்லபடியா பிறந்துச்சா இல்லையா, இப்பவாவது புரியுதான்னு கேக்கணும். கடைவீதியில ஒரு கிலுகிலுப்பை வாங்கிப் பையில போட்டுக்கிட்டேன்.

சின்ன வீடு. வாசல்ல கோலம் இல்ல. உள்ள அந்தப் பொண்ணு கோகிலா சுவத்துல சாஞ்சு உக்காந்து டிவி பார்த்துக்கிட்டு இருந்துச்சு. டிவியில சத்தம் இல்ல. தொட்டிலைத் தேடினேன். உத்தரத்துல கொக்கி இருந்துச்சு, ஒண்ணும் தொங்கல.

தைலம்மாள் வந்து பாயை விரிச்சுத் தண்ணி குடுத்தாங்க. மார்கழி பிறந்து மூணாம் நாள் வலி எடுத்திருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறப்பவே துடிப்பு இல்லையாம். கொடி கழுத்தைச் சுத்திக்கிச்சுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். பொம்பளைப் புள்ளை. ரெண்டே முக்கால் கிலோ. தலை நிறைய முடின்னாங்க. மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து துணிமணியை ஆட்டோவுல அனுப்பிட்டாங்களாம்.

கொடி சுத்துறதுக்கும் அஷ்டமிக்கும் சம்பந்தம் இல்ல தம்பி. அது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். உலகம் பூரா எத்தனையோ குழந்தைக்குச் சுத்துது. நான் அன்னைக்கு ஒரு கைச் சோறு வைக்க விட்டிருந்தாலும் அது சுத்தித்தான் இருக்கும். அதுல எனக்கு இப்பவும் சந்தேகமே கிடையாது. நான் சொல்றது சரிதானே? நீங்க படிச்சவர், சொல்லுங்க. சரி விடுங்க, சொல்ல வேணாம்.

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவங்க என்னைத் திட்டணும், வாசல்ல நின்னு தெரு கேக்குற மாதிரி மண்ணை வாரித் தூத்தணும்னு எதிர்பார்த்தேன். அப்படிச் செஞ்சிருந்தா பதில் சொல்லியிருப்பேன். எனக்குப் பதில் சொல்லத் தெரியும். அவங்க டப்பாவை வாங்கி ஓரமா வச்சுட்டு, எஞ்சின் நல்லா இருக்கானான்னு கேட்டாங்க. அப்புறம் சொன்னாங்க.

"நீங்க சொன்னதுதாங்கய்யா சரி. நாய்க்கும் புள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான்தான் புத்தி கெட்டு உங்களை அலைக்கழிச்சுட்டேன். நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

முப்பது வருஷமா எத்தனை தெருமுனையில நின்னு பேசியிருக்கேன். எத்தனை பேர்கிட்ட தொண்டை வத்த வாதாடியிருக்கேன். பெத்த புள்ளைங்க ரெண்டு பேரும் கோயில்ல வச்சுத்தான் தாலி கட்டினாங்க. நீங்க சொன்னது சரின்னு என் முகத்தைப் பார்த்து ஒத்துக்கிட்ட ஒரே ஜீவன் அந்தம்மாதான். நான் என்ன சொல்லியிருக்கணும்? ஆமாம்மான்னு சொல்லியிருக்கணும். நான் இல்லம்மா, அப்படிச் சொல்லாதீங்கம்மான்னு அவங்க காலைப் பிடிக்கப் போயிட்டேன். எதுக்கு இல்லைன்னேன்? எனக்கே தெரியல. அவங்க உண்மையிலேயே அப்படி நினைச்சுச் சொன்னாங்களா, நான் வந்து உக்காந்திருந்த கோலத்தைப் பார்த்து எனக்காகச் சொன்னாங்களா, அதுவும் தெரியல. அந்தப் பொண்ணு ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பல. கிலுகிலுப்பை பையிலேயே இருந்துச்சு, வெளிய வந்து வாய்க்கால்ல போட்டேன்.

இதுதான் தம்பி விஷயம். நான் ஏதோ கொள்கை பேசிக்கிட்டு உங்களைத் தடுக்கிறேன்னு நினைச்சிராதீங்க. அந்தப் பேச்சையெல்லாம் விட்டு ஆறு மாசம் ஆச்சு. எஞ்சினுக்கு கிட்னி போயிடுச்சு. போன மாசம் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு, மழைக்காலம் தாண்டினாலே பெருசுன்னுட்டார். நீங்க இன்னைக்கு ஆரம்பிச்சா மாசி வரைக்கும் போகணும். இவன் தாங்க மாட்டான். நாலாவதோ அஞ்சாவதோ நடுவுல நின்னு போச்சுன்னா நீங்க யார்கிட்ட போய் நிப்பீங்க? என்கிட்டதானே வருவீங்க. இன்னொரு தடவை என்னால ஆகாது.

அதனால நான் சொல்றதைக் கேளுங்க. பொன்மலைப்பட்டியில தண்ணி டேங்குக்கு எதிர்க்க ஒரு தையல் கடை இருக்கு. கடை வாசல்ல ஒரு கருப்பு நாய் படுத்திருக்கும், ரெண்டே வயசுதான், நல்ல தெம்பு. நானே போய்ப் பார்த்துட்டேன். வயிறு, காது மடல், கால் விரல் இடுக்கு, வால் நுனி, எல்லாத்தையும் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பிரிச்சுப் பார்த்துட்டேன், ஒரு வெள்ளை முடி கிடையாது. தடுப்பூசியும் போட்டாச்சு. தையல்காரர்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், யார் வந்தாலும் எட்டு தடவையும் விடணும், நடுவுல ஒரு நாள்கூட கதவைச் சாத்தக் கூடாதுன்னு. அரசு சார் அனுப்பினார்னு சொல்லுங்க. உங்களுக்கு முன்னாடி மூணு பேரை அனுப்பியிருக்கேன், அதுல ஒருத்தருக்கு இன்னைக்கு நாலாவது.

வேணாம் தம்பி, நீங்க யாருக்காகச் செய்யிறீங்கன்னு மட்டும் என்கிட்ட சொல்லிடாதீங்க. உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது, யாரோ ரொம்ப வேண்டியவங்கதான். சொல்லாதீங்க. பஸ் வந்தா வரட்டும், அடுத்ததுல போய்க்கலாம். முதல்ல தையல் கடைக்குப் போங்க. நடந்து போகாதீங்க, ஆட்டோ பிடிங்க. இன்னைக்கு அஷ்டமி எட்டு மணி பத்து நிமிஷம் வரைக்கும்தான் இருக்கு.